மூன்றாம் முறை

எருசலேம்,
பாவநிவிர்த்தி நாளுக்கு முந்தைய பிற்பகல்.

ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் எல்க்கானா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் நலமென்று உங்கள் தம்பி யெதிதியா சொன்னான். உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறதாம், சந்தோஷம். சூரியன் மறைந்தால் நோன்பு தொடங்கிவிடும், பிறகு பேனாவைத் தொட முடியாது. ஆகையால் அவனைக் கீழே படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு அவசரமாக எழுதுகிறேன். முடித்ததும் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுவான். உங்கள் ஊரில் பொழுது மெதுவாகத்தான் சாயும், படிக்க நேரம் இருக்கும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு நீங்கள் ஆள் அனுப்பியிருப்பது இது மூன்றாம் முறை. சென்ற மாதம் யெதிதியா முதல் முறை வந்தபோது மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையைக்கூடக் கழுவாமல் முடியாது என்றேன். போன வாரம் நம் புத்தாண்டு கழிந்து மறுபடி வந்தான், மறுபடியும் முடியாது என்றேன். இன்று சாட்சிக்கு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இந்த நோன்புக்கு முன் நோகடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்; மூன்று முறை கேட்டும் மறுத்தால் கேட்டவர் குற்றம் தீர்ந்ததென்று கை கழுவிக்கொள்ளலாம், மறுத்தவள்தான் கல்நெஞ்சுக்காரி. இந்த விதி உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்கு என் மன்னிப்பு வேண்டாம். மூன்றாவது "முடியாது" வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை அவன் வாசித்தான். "தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிடு." எது தெரியாமல் நடந்தது? ஆறு வருடத்துக்கு முன் பஸ்கா பண்டிகைக்கு முந்திய இரவு, வீட்டில் புளித்தது எதுவும் மிஞ்சக் கூடாதென்று தேடும் சடங்குக்கு வழக்கப்படி பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி வீடெங்கும் ஒளித்துவைத்தேன். நீங்கள் மெழுகுவர்த்தியோடு தேடினீர்கள். ஒன்பது கிடைத்தது. பத்தாவதை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துபோயிற்று. ஒரு வாரமாக அலமாரி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் தேய்த்து ஓய்ந்துபோயிருந்தவளுக்கு மறக்கக் கூடாதா? "ஒரு துண்டு ரொட்டிய ஒளிச்சுவைக்கக்கூடத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு வீட்டுக்காரி!" என்று கேட்டு அறைந்தீர்கள். வலது கையில் மெழுகுவர்த்தி இருந்ததால் இடது கையால் அறைந்தீர்கள். மெழுகு என் கழுத்தில் சொட்டியது.

கிடைக்காமல் போன ரொட்டிக்கு நம்மிடம் வழி இருக்கிறது. மறுநாள் காலை, என் வசமுள்ள புளித்தது எல்லாம் மண்ணுக்குச் சமம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கன்னம் வீங்கிய என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் கணீரென்று சொன்னீர்கள். அது முதல் அறை இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். பண்டிகை கழிந்ததும் நான் பிரிவு கேட்டேன், நீங்கள் நாட்டைவிட்டே போய்விட்டீர்கள்.

விவாகரத்துக்கான தள்ளுதற்சீட்டைப் புருஷன்தான் எழுதவைத்துத் தர வேண்டும். நான் எழுதவைத்தால் அது வெறும் காகிதம். ஆறு வருடமாக மார்க்க நீதிமன்றத்து ரபிகள் கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கள் பதில் ஒரே சொல்தான், "யோசிக்கிறேன்." இங்கே நான் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. பூரீம் பண்டிகை அன்று அக்கம்பக்கத்தில் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளும்போது என் வீட்டுக்கு வரும் தட்டில் இன்னும் "எல்க்கானா குடும்பம்" என்றுதான் எழுதியிருக்கிறது. எந்தக் குடும்பம்? கூடாரப் பண்டிகைக்குக் கூடாரம் போட ஆண்பிள்ளை இல்லாத வீடென்று மேல்வீட்டு யோகெபேத் தன் கூடாரத்தில் எனக்கு ஓர் ஓரத்தில் நாற்காலி போடுகிறாள். அவளுடைய பிள்ளைகள் மேலே வேய்ந்த ஓலையை எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நான் அந்தப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறேன். நீங்கள் போகும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, இப்போது முப்பத்தொன்பது.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஊரார் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். யோகெபேத்தின் சித்தி மகன் ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவங்களுக்குச் சீட்டு கிடைக்கட்டும், அப்புறம் வந்து முறையா கேக்கிறேன்" என்று யோகெபேத்திடம் மட்டும் சொல்லியிருந்தார். நாலு வருடம் காத்திருந்தார். இந்த வருடம் பஸ்காவுக்குப் பிறகு கல்யாணம் நடத்தாத வாரங்கள் முடிந்ததும் அவருக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. நானும்தான் போய்ப் பெண்கள் பக்கம் நின்று கைதட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் உங்கள்மேல்தான்.

இன்று வாசலில் நடந்ததை யெதிதியா ஏற்கெனவே போனில் சொல்லியிருப்பான். "அண்ணி, மன்னிச்சேன்னு சொல்லுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க. நோன்புக்காகப் பஸ்ஸ நிறுத்திடுவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்றான். நான் "யோசிக்கிறேன்" என்றேன்.

மூன்று சாட்சிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யோசிக்கிறேன்னா மறுத்த மாதிரிதான்" என்றார் ஒருவர். "அதெப்படி? மறுக்கலையே! இது கணக்கில வராது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ரபியைக் கேட்கலாம் என்றார். ரபி நோன்புக்கு முந்திய முழுக்குப் போடப் போயிருக்கிறாராம். படிக்கட்டிலேயே நின்று கால் மணி நேரம் வாதாடினார்கள். "ஏன் அண்ணி இப்படி? ஒரு மனுஷன எதிலயும் சேர்த்தியில்லாம நிக்கவைக்கலாமா?" என்று யெதிதியா கேட்டே விட்டான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு கீழே போய்விட்டான். நல்ல பிள்ளை, அவனைத் திட்டாதீர்கள்.

மன்னிக்க எனக்கு மனமில்லாமல் இல்லை. சீட்டை அனுப்புங்கள். நீங்கள் நேரில் வரவே வேண்டாம், அதையும் ஆள் மூலம் அனுப்பலாம். மன்னிப்புக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவருக்கு இது தெரியாதா? அது என் இரண்டு கையிலும் விழுந்த நிமிடமே மன்னித்தேன் என்பேன். அறைந்தது, மெழுகு, பெறாமல் போன பிள்ளை, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

யோகெபேத் கொடுத்தனுப்பிய சூப் ஆறிக்கொண்டிருக்கிறது, நோன்புக்கு முன் சாப்பிட வேண்டும். வரும் வருடம் உயிரோடிருப்பவர்களைக் கடவுள் குறித்துவைக்கும் ஜீவபுத்தகத்தில் உங்கள் பெயர் எழுதப்படட்டும் என்று வாழ்த்தி முடிப்பதுதான் வழக்கம். காலையிலிருந்து இருபது பேருக்கு வாய் நிறையச் சொன்னேன். உங்களுக்கு எழுதப் போகும்போது கை நின்றுவிட்டது. என்னை விடுவிக்க இரண்டே வழி. ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. மற்றொன்று விதவைகளுக்குக் கிடைக்கும் வழி. நாளை முழுக்க நான் பட்டினியோடு கடவுள் முன்னால் நிற்கப் போகிறேன். அந்த இரண்டாவது என் வாயில் வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. போன வருடம் பாதி வந்தது, கடித்து விழுங்கினேன்.

பொழுது சாய்வதற்குள் சரி என்று ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டுமென்று என்னை மனதாரக் கேட்க விடுங்கள்.

இந்த நிமிடம்வரை உங்கள் மனைவி,
திர்சாள்