ஷாஹிதா சொன்னது

20 ஜூலை 2008, ஞாயிறு

என் ஆய்வேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போடப்போகிறார்களாம். பல்கலைக்கழக நூலகர் நேற்று போனில் சம்மதம் கேட்டார். ஒரு பெயரை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன்.

"பட்டம் வாங்கின ஆய்வேடு மேடம். ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. முழுசா போடலாம், இல்லன்னா விட்டுடலாம்."

அந்தப் பெயர் ஷாஹிதா. தோல் பதனிடும் ஷாப்பில் ரசாயனத் தண்ணீரால் கையெல்லாம் புண்ணானதையும், அதைக் காட்டியதும் வேலையை விட்டு அனுப்பியதையும் ஆய்வுக்காக என்னிடம் சொன்னவள்.

இன்று சர்ச் முடிந்ததும் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவர் ரஃபீக் பதறிவிட்டார்.

"வேணாம் மேடம். நான் இன்னும் அதே ஷாப்புலதான் இருக்கேன். மொதலாளி பையன் எந்நேரமும் கம்ப்யூட்டர்லதான் கெடக்கறான். பேஜாராயிடும்."

போட வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பஸ் நிறுத்தம்வரை ஷாஹிதா கூடவே வந்தாள். பஸ் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னத இதுவரைக்கும் எத்தினி பேரு படிச்சாங்கக்கா?"

"பட்டம் கொடுக்கறதுக்காக மூணு பேர் படிச்சாங்க."

"அவ்ளோதானா?" என்றாள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

படுத்தேன், தூக்கம் வரவில்லை. அவள் பெயரைப் பற்றி அவள் கணவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளை நூலகருக்குப் போன் செய்வதற்கு முன் மறுபடி ஆம்பூர் போக வேண்டும். அவளைத் தனியாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

போடுங்கள் என்று அவள் சொல்லிவிட்டால்?