குடைக்கம்பிகளாக முப்பது பெயர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? டோக்கியோவில் குளிர் தொடங்கிவிட்டது. நான் நலம்.

வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டு எங்கள் இரும்பாலைச் சங்கம் மனு கொடுத்தது. யார் தொடங்கியது என்று தெரியாதிருக்க, நம்மூர் விவசாயிகள் அந்தக் கால மனுக்களில் எழுதியதைப்போல் முப்பது பெயர்களையும் வட்டமாக, குடைக்கம்பிகளாக எழுதினோம். பலருக்கு எழுதத் தெரியாததால் எல்லாவற்றையும் நானே எழுதினேன்.

மேற்பார்வையாளர் எங்களை உட்காரவைத்து, தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார். “தலைவன் யாருன்னு தெரியலடா. ஆனா எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே!”

“நான்தாங்க எழுதினேன்,” என்றார் கொல்லர் குமாசோ.

“அப்படியா? உன் பேர எழுது பாப்போம்.”

குமாசோ தூரிகையைத் தலைகீழாகப் பிடித்தார். நான் எழுந்து நின்றேன்.

வேறு ஆலையில் வேலை கேட்டிருக்கிறேன். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஆலை விடுதிக்கு வேண்டாம், குமாசோ வீட்டுக்கு. அம்மாவிடம் விடுதியில் இடநெருக்கடி என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்,
சைகிச்சி