முதுகு காட்டும் அம்மா

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டது அடுத்த கதை. நம்ம ஊர்க் குடும்பம், வெளிநாட்டுப் பள்ளிக்கூடம், ஒரு சிறுமி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். ஐந்தாம் பக்கம் அழுகை. பத்தாம் பக்கம் அம்மாவின் உபதேசம், 'நம்ம வேர்' பற்றி. கடைசிப் பக்கத்தில் மொத்த வகுப்பும் விரலைச் சூப்பிக்கொண்டு கைதட்டுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்பது எழுதினவருக்குக் கவலையில்லை. படம் வரைகிற எனக்குத்தான் தலையெழுத்து.

இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் வளரும் பிள்ளைகளுக்கான படப் புத்தக வரிசையாம். அப்படி வளர்கிற பிள்ளை ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. அது டப்பாவைத் திறப்பதே இல்லை. கேன்டீனில் பன் வாங்கித் தின்கிறது. இதை எவர் எழுதுவார்?

மார்ச் 9, திங்கள்

எடிட்டர் போன். "படத்துல அம்மா நம்மவங்க மாதிரியே இல்லைங்க. புடவை கட்டி விடுங்க. பொட்டு கொஞ்சம் பெருசா. பூவும் வைங்க. பாத்த உடனே தெரியணும்ல?"

சொல்கிற பெண்மணி கிராப்பு வெட்டி, சட்டை போட்டிருப்பவர். கேட்கிற நான் முழங்காலில் சாயம் அப்பிய பேன்ட்டோடு நிற்கிறேன். அப்போ நாங்கள் இரண்டு பேருமே நம்மவர்கள் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பொட்டு இன்னும் பெரிசாக வேண்டுமாம். இதற்கு மேல் என்றால் மூக்கைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 18, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! அம்மாவைத் திருப்பி நிறுத்திவிட்டேன். அடுப்பைப் பார்த்து ஒரு பக்கம், ஜன்னலைப் பார்த்து ஒரு பக்கம், துணி மடித்தபடி ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் முதுகு. புடவையைக் கொடுத்துவிட்டேன், தொலையட்டும். பொட்டும் கிடையாது, மூஞ்சியும் கிடையாது. முதுகுக்கு என்ன திருத்தம் சொல்வீர்கள், பார்ப்போம்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடி எடிட்டர். "முகமே காட்டாம ஒரு தாய்மை! எப்படிங்க உங்களுக்குத் தோணுச்சு?"

எரிச்சலில் தோணுச்சு, தாயே. சொல்லவில்லை. "சும்மாதாங்க" என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

மகள் (வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்) என் பின்னால் வந்து நின்று நெடுநேரம் ஏதோ சொன்னாள். பள்ளிக்கூட பாஷையில்தான். "ம்" கொட்டிக்கொண்டே சாயம் தீட்டினேன். வீட்டில் தமிழ் பேசுடி என்று தொண்டை வற்றச் சொல்லியாச்சு. செவிடன் காதில் ஊதின சங்கு.

மே 20, புதன்

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. வாலுவின் டீச்சர் எப்படியோ பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து படித்துக் காட்டச் சொல்கிறார். வாலுவிடம் சொன்னேன்.

"நீ வராதம்மா."

இதற்கு மட்டும் தமிழ் வருகிறது பார்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஏன், அம்மாவைப் பாத்தா கேவலமா இருக்கா? என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாங்களா? நாம யாரு, எங்கேருந்து வந்தோம், வேர் இல்லாத மரம் நிக்குமாடி... கத்து கத்தென்று கத்திவிட்டேன். வாலு கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது. பத்தாம் பக்கம். நான் காறித் துப்பின அதே உபதேசம், வரி பிசகாமல்! கர்மம், கர்மம்.

மே 21, வியாழன்

பல் தேய்த்துக்கொண்டே வாலு சொன்னாள்: "நீ வர்றது ஓகேதான். அந்தப் புக்குதான் வேணாம்."

"ஏன்டி?"

"அந்தப் பொண்ணு அழறா. அவங்கம்மா திரும்பிக்கூடப் பாக்கல. கடைசில சிரிக்கிறா, அப்பவும் பாக்கல. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?" வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "வேலை செய்யறப்ப எங்கம்மாவும் இப்படித்தான்னு சொல்லட்டுமா?"

புடவையும் இல்லை, பொட்டும் இல்லை, வேரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு வேண்டியது மூஞ்சி. என் மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. அறைக்குள் வருகிறவளுக்குத் தெரிவது என் முதுகுதான். ஏப்ரலில் வந்து நின்று என்ன சொன்னாள்? நினைவில்லை. என்ன யோசித்தும் நினைவில்லை.

அவள் போனபின் அழுதேன். நன்றாக அழுதேன்.

மே 25, திங்கள்

அடுத்த அச்சிலாவது மாற்றட்டும் என்று கடைசிப் பக்கத்தைப் புதிதாக வரைந்து எடிட்டருக்கு அனுப்பினேன். அம்மா திரும்பிவிட்டாள். சாயம் அப்பிய பேன்ட், கலைந்த தலை, கண் மகள் மேல்.

"இது யாருங்க, டீச்சரா?"

"அம்மா."

"அம்மா மாதிரி தெரியலையே. தவிர, அந்த முதுகுதாங்க புத்தகத்தோட ஆன்மாவே."

ஆன்மாவாம்! ஒரு பொட்டுக்குப் பயந்து ஒளிந்த முதுகுக்கு ஆன்மாவாம்! அடுத்த கதைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். "யோசிச்சுதான் சொன்னியா?" என்றார் வீட்டுக்காரர். யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனா?

மே 29, வெள்ளி

புதுப் படத்தைக் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டி, காலையில் வாலுவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "மூக்கு இதைவிடப் பெருசு உனக்கு," என்றாள். அப்புறம், "சரி, வா."

போனேன். படித்தேன். பத்தாம் பக்கம் வந்தபோது மட்டும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். ஒரு குழந்தையும் தேடவில்லை.

ஜூன் 3, புதன்

மேசையைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டாச்சு. வெளிச்சம் இப்போது தப்பான பக்கத்திலிருந்து வருகிறது. கை நிழல் தாள் மேலேயே விழுகிறது. பெரிய இம்சை.

வாலு வந்து எதிரே நின்றாள். பிரஷ்ஷை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நெளிந்தாள்.

"என்னம்மா, என்னையே பாத்துட்டிருக்க? வேலை இல்லையா உனக்கு?"

"இல்லடி."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். பாதி அந்த பாஷை, பாதி தமிழ். நான் திருத்தவில்லை.