தீவாகாத தெரு

இன்று பிற்பகல் ஆய்வகத்தில் மின்சாரம் போனது. மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியதும் நான் எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். உன் ஆக்சிஜன் இயந்திரமும் கரண்ட் போனால் இப்படித்தான் கத்தும். மாணவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? போன் வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன் என்று தெரிந்தால் முறைப்பாய். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த உனக்குப் பேச மட்டும்தான் தமிழ், வாசிக்க மலையாளம். இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டு, "எடீ, நீயே வாசிச்சுக் காட்டு" என்று என் கையிலேயே திருப்பித் தருவாய். இனி வாசித்துக் காட்டவும் வழியில்லை.

புயலையும் வெள்ளத்தையும் தாங்குகிற மின்சாரம். நாம் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதற்குக் கொச்சங்காடியில் உன் சொந்தத் தெருவையே பிடித்துக்கொண்டாய். பழைய கிடங்கின் கூரையில் சோலார் தகடுகள், கீழே பேட்டரி அறை. தெருக்காரர்களிடம் விளக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாய். நானும் பாடப்புத்தகத்தில் இருந்தபடியே, "வெளியில கரண்ட் போனதும் உங்க தெரு தீவாயிடும்" என்றேன்.

மீன் விற்கும் சேச்சி பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, வேண்டாம் மோளே! மழை பெஞ்சா இங்க ஏற்கெனவே தீவுதான். ஓட்டோ வராது, ஆம்புலன்ஸ் வராது. இனி நீங்க வேற தீவாக்கணுமா?"

கையில் இருந்த சாயா தளும்பச் சிரித்தாய். பிறகு நீதான் எடுத்துச் சொன்னாய்: "பயப்படாதீங்க சேச்சி. கரண்ட் போனா ஒரு சுவிட்ச் நம்ம வயரை வெளி வயர்லேர்ந்து பிரிச்சுடும். பேட்டரி நமக்கு மட்டும் தரும். பிரிக்காம விட்டா நம்ம கரண்ட் வெளிய போய், கம்பத்துல நிக்கிற ஆளைக் கொன்னுடும்." அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தீவு வந்தாச்சு" என்று கிண்டல் செய்தாய்.

ஒரு மழைக்கால மாலையில் சுற்றுவட்டாரமே இருண்டு கிடக்க, உன் தெருவில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த ஒரு மாலையை வைத்தே, திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதினோம். கைதட்டினார்கள். திட்டம் முடிந்தது. உப்புக்காற்று வெளி வயரிலிருந்து தெருவைப் பிரிக்கும் அந்தச் சுவிட்சைத் தின்றுவிட்டது. மாற்று சுவிட்ச் கேட்டுப் போனால், முடிந்துபோன திட்டத்துக்கு உதிரிபாகம் வாங்க விதி கிடையாதாம். புதிதாக ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிரிக்காத சுவிட்ச் ஆளைக் கொல்லும் என்று நீயே பேட்டரி அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டாய். அதற்குள் உன் நுரையீரலும் சுருங்கத் தொடங்கியிருந்தது. இயந்திரம் இல்லாமல் படியேற முடியாது என்றானது. பிறகு படுக்கவும் முடியாது என்றானது.

அந்தக் காலையில் நான் உன் வீட்டில் இருந்தபோது மரம் விழுந்து கம்பி அறுந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கையிருப்பு சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பேட்டரிகள் உயரமான மேடையில் முழுச் சார்ஜில் இருந்தன. ஆனால் அறைக்குள்ளும் தண்ணீர். வயரைக் கழற்றி உன் வீட்டுக்கு மட்டும் இழுக்க முடியாது. பேட்டரியின் பெரிய சுவிட்சைப் போட்டுத் தெரு முழுக்கக் கரண்ட் விடுவது ஒன்றுதான் வழி. உன் அண்ணன் கடப்பாரையோடு வந்து நின்றார்.

"மோளே, பூட்டை உடைச்சிடட்டா?"

உனக்கு மூச்சே இல்லை. சன்னலைக் காட்டினாய். தெருமுனையில், மழையில், அறுந்த கம்பியைச் சரிசெய்ய மின்வாரியக்காரர் ஒருவர் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். சேட்டன்... மேல நிக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். "அவரை இறங்கச் சொல்லிட்டு வரேன்" என்று அண்ணன் தண்ணீரில் இறங்கி ஓடினார். அவர் பாதி தூரம் போவதற்குள் நீ போய்விட்டாய்.

புதிய திட்டத்துக்கு இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த முறை தெருவே கிடையாது, எல்லாம் கணினியில்தான். திரையில் புயல் அடிக்கிறது, கம்பி அறுகிறது, சுவிட்ச் ஒழுங்காகப் பிரிகிறது, எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. மாணவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு இதில் துளி நம்பிக்கையும் இல்லை. சம்பளம் வாங்குவதால் வருகிறேன், அவ்வளவுதான்.

நீ அறியாத ஒன்று இருக்கிறது. நீ போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தெருவே ஓவென்று கூவியது. உன் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கி, காற்றை யாருக்கோ தந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை. கம்பத்திலிருந்து இறங்கியவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"இங்கயும் வந்தல்லோ, சேச்சி?"

"வந்துச்சு, சேட்டா" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவரை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்றும் அவர்தான் அந்தக் கம்பங்களில் ஏறுகிறார். வழியில் என்னைக் கண்டால் நின்று சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டு வருகிறேன்.