எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து

வியாழன், இரவு.

தேர்தலுக்காக ஒப்படைத்த கைத்துப்பாக்கியைத் திரும்ப வாங்க மாலையில் காவல் நிலையம் போனேன். பெட்ரோல் பங்க் வசூலை வங்கிக்குக் கொண்டுபோகும்போது அது இடுப்பில் இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை. ஏட்டு எடுத்துக் கொடுத்தார். எண் சரியாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த இரண்டு எழுத்துகள் என்னுடையவை அல்ல.

"நம்பர் கரீட்டா கீது சார். எழுத்துல இன்னா கீது?" என்றார்.

எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பதை அந்த எழுத்துகள்தான் சொல்லும். என்னுடையது கான்பூரில் செய்தது, இது வங்காளத்தில். ஒரே எண் இரண்டு இடத்திலும் விழலாம். இவர்கள் எண்ணை மட்டும் அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள்.

என்னுடையதைப் பருத்திப்பட்டு காண்ட்ராக்டர் ஒருவர் நேற்றே வாங்கிப்போய்விட்டார். ஏட்டு அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அத்த இடுப்புல சொருவிகினு பூந்தமல்லில ஒரு கல்யாணத்துக்கு வந்துகீறேன் ஏட்டய்யா. காலைல எட்தாறேன்."

அவர் பேசும்போதே பின்னால் டமார் என்று ஒரு சத்தம். லைன் கட்டாகிவிட்டது. அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் என் பெயரில் இருக்கிறது.

"பட்டாசுதான் சார்" என்று, நான் எதுவும் கேட்காமலேயே, ஏட்டு இரண்டு தடவை சொன்னார்.