மாடி போர்ஷன்

செவ்வாய், இரவு

காலையில் வகுப்பில் அமெரிக்க அடிமை ஒழிப்புப் பாடம். தப்பி வந்த கறுப்பர்களைத் தங்கள் வீட்டிலேயே மறைத்துவைத்த வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது.

மாலையில், அதே வகுப்பில் படிக்கும் கென்யாப் பெண்ணை எங்கள் கல்லூரி நூலகர் என் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"சார், ஒங்க மாடி காலியாத்தானே இருக்கு? இந்தப் புள்ளைக்குக் குடுங்க. புதுக்கோட்டை முழுக்க அலைஞ்சாச்சு, யாரும் வீடு தர மாட்டேங்கிறாங்க."

"கறி சமைக்கக் கூடாதும்மா" என்றேன்.

"நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன் சார்" என்றாள், தமிழிலேயே.

அடுத்த சாக்கு தானாக வந்தது. "எங்க சொந்தக்காரங்க குடிவாராங்க."

"பரவால்ல சார்" என்று சிரித்தாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் 'வீடு வாடகைக்கு' பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

தூக்கம் வரவில்லை. நாளை முதல் பீரியட், அதே பாடத்தின் மிச்சம். அவள் எப்போதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வாள்.