கடலோரக் கோபுரத்தின் விரிசல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

கோபத்திலும் சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்கு வரவில்லை. பாப்பா என்னோடு அம்மா வீட்டில் இருக்கிறாள்.

நேற்று கடலோரக் காவல் கோபுரத்தைப் பற்றிய கூட்டத்துக்குப் போனேன். ஆங்கிலேயர் கப்பல் வருகிறதா என்று பார்க்கப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அந்தக் கோபுரத்தின் வரலாற்றை எழுத நான் மூன்று வருடம் அலைந்தது உங்களுக்குத் தெரியும். அது விழும் நிலையில் இருக்கிறது, இடித்தே ஆக வேண்டும் என்று இன்ஜினியர் அறிக்கை வந்திருக்கிறதாம். அந்த இடத்தில் ஹோட்டல் வரப் போகிறது. திரையில் ஒரு படம் காட்டினார்கள். கிழக்குச் சுவரின் விரிசல், பக்கத்தில் ஒரு பெண்ணின் கை.

என் கை. "எவ்ளோ அகலம்னு தெரியணும், கைய வெச்சிக் காட்டு" என்று சொல்லி நீங்கள் எடுத்த படம். அறிக்கையின் கீழே உங்கள் கையெழுத்து.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் குறிப்பிலேயே அந்த விரிசல் இதே அகலத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்களுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு மீன்காரம்மா, "இத யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று என்னைக் கேட்டார். "எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொன்னேன். பிறகு எழுந்து அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தை எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். இடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியூர் இன்ஜினியர் வந்து மறுபடி பார்ப்பாராம்.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன், எங்கள் துணிமணிகளை எடுக்க. நீங்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா